சிலம்பு கழன்ற கணம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டாத கூட்டுரோடு இருக்காது. கிளியனூரிலோ திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலோ பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வயதானவர்களின் படங்களில், அதிலும் கிழவிகளின் படங்களில், ஒரு பொதுத்தன்மை உண்டு. அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. கண் கொஞ்சம் பக்கவாட்டில் போயிருக்கும். வாய் எதையோ சொல்லத் தொடங்கியிருக்கும். தோளோரம் வெட்டிய இடத்தில், பக்கத்தில் நின்ற யாரோ ஒருத்தியின் வளையல் மிச்சமிருக்கும். பின்னாலிருக்கும் வானமும் மேகமும் கம்ப்யூட்டரில் ஒட்டியவை. முகம் மட்டும் எப்போதோ ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்த வெளிச்சத்தை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும்.

அவை கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த படங்கள்.

இரும்பை, இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் என்று எங்கள் வானூர்ப் பக்கத்து ஊர்களில் முந்திரிக் கொல்லையிலும் கரம்பிலும் ஆயுளைக் கழித்த தலைமுறை ஸ்டுடியோ படியேறிப் பழகியதில்லை. வாக்காளர் அட்டைக்கும் ஆதாருக்கும் அரசாங்கம் கேட்டது என்று உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களில் அவர்கள் மிரண்டுபோய் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த முகம் வேண்டாம். இறந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பீரோவைக் குடைந்து, உறையில் மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்த டிவிடியையோ கேசட்டையோ எடுத்துக்கொண்டு வருவார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு. அதற்குள் வேண்டும். "அண்ணா, எங்க ஆயா இதுல எங்கியாவது வரும். நல்லா பெருசா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க." எடிட்டிங் எனக்குப் பிழைப்பு. கல்யாண வீடியோவை நான்கு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குச் சுருக்குவதுதான் அன்றாட வேலை. ஆனால் இந்த வேலையில் நான் கற்றவற்றில் கனமானவையெல்லாம், ஓடுகிற படத்திலிருந்து ஓடாத ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி வந்தவர்களிடம்தான் கற்றேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். மூன்று மணி நேரக் கேசட்டில் 2,70,000 படங்கள் இருக்கின்றன. ஆயா பத்து நொடி வந்து போனால் 250 படம். எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அளவில் இருக்கிறது. மினி டிவி கேசட்டில் ஒரு ஃபிரேம் 720க்கு 576 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் போட்டால் அதன் முழு அகலமும் 2.4 அங்குலம்தான். அதையே அந்தக் காலத்தில் விசிடியாகப் போட்டுக் கொடுத்திருந்தால் 352க்கு 288. ஒன்றேகால் அங்குலம்கூடத் தேறாது. பிறகு வந்த முழு எச்டி 1920 புள்ளி அகலம், 6.4 அங்குலம். 4கே என்றால் 3840 புள்ளி, 12.8 அங்குலம். வீட்டில் மாட்டுவதற்கு எல்லோரும் கேட்பது 12க்கு 18 லேமினேஷன். ஆயா ஃபிரேம் முழுக்கவா நிற்கப் போகிறார்? மணமக்கள் நடுவில் இருக்க, அவர் ஓரத்தில் நிற்பார். முகம் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. மினி டிவியில் அது 72 புள்ளி. கால் அங்குல முகம்.

இருப்பதே கால் அங்குலம் என்னும்போது அதில் ஒரு புள்ளியைக்கூடக் கைதவற விடக்கூடாது. தரம் என்று இந்த வேலையில் நான் நினைப்பது அதைத்தான்: கேமரா என்ன பதிந்ததோ அது சேதாரமில்லாமல் வெளியே வர வேண்டும்.

ஆனால் சேதாரம் வழிநெடுக நடக்கிறது. டிவியில் ஓடவிட்டு நிறுத்திப் போனில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கோடு கோடாக வண்ணப்பட்டை ஓடும், டிவி திரையின் பளபளப்பும் சேர்ந்து வரும். கடைக்குக் கொண்டு வந்தாலும் ஆபத்து தீரவில்லை. எடிட்டிங் மென்பொருளின் பார்வைத் திரையில் தெரிவது பல நேரம் முழுப் படம் இல்லை. கம்ப்யூட்டர் திணறாமல் ஓட வேண்டும் என்பதற்காக அது பாதி அளவிலோ கால் அளவிலோ காட்டிக்கொண்டிருக்கும்; ப்ராக்ஸி போட்டிருந்தால் நாம் பார்ப்பதே மெலிந்த நகல்தான். அந்தத் திரையை அப்படியே பிரின்ட் ஸ்கிரீன் அடிக்கிற பையன்களை நிறையப் பார்க்கிறேன். பிரீமியரில் ஃபிரேமை ஏற்றுமதி செய்யும் பொத்தான் இருக்கிறது, டாவின்சி ரிசால்வில் கலர் பக்கத்தில் ஸ்டில் கிராப் இருக்கிறது. அவற்றிலும் ஒரு கண்ணி உண்டு. வெளியே வரும் படம் டைம்லைனின் அளவில் வரும், கிளிப்பின் அளவில் வராது. 4கேயில் எடுத்ததை 1080 டைம்லைனில் போட்டு எடிட் செய்திருந்தால், பொத்தானை அமுக்கும்போது நான்கு புள்ளிக்கு ஒரு புள்ளிதான் கையில் வரும். கிளிப்பை அதன் சொந்த அளவில் தனி டைம்லைனில் போட்டு எடுக்க வேண்டும். அரை நிமிட வேலை. அதைச் செய்யாததால் முக்கால் பங்கு படம் போய்விடுகிறது.

பழைய கேசட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதன் புள்ளிகள் சதுரம் இல்லை. 720க்கு 576 என்று வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் முகம் ஒடுங்கிப் போகும். 768 புள்ளிக்கு விரித்தால்தான் ஆள் ஆளாகத் தெரிவார். தவிர, அந்தக் கால வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது ஒரே கணம் இல்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளியும் பதிந்தவை. அசையாமல் இருப்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை. கையை ஆட்டினால் விரல்கள் சீப்புப் பல்லாகக் கிழிந்துபோகும். அசைகிற இடத்தில் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அசையாத இடத்தில் இரண்டையும் சேர்த்து எடுக்கப் பழக வேண்டும். சேமிக்கும்போது ஜேபெக் வேண்டாம், டிஃப் அல்லது பிஎன்ஜி. ஏற்கெனவே ஒருமுறை நசுங்கிய படத்தை இன்னொரு முறை நசுக்க என்ன அவசியம்?

விஎச்எஸ் கேசட்டின் புள்ளிப் புள்ளியான இரைச்சலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முகம் அசையாமல் இருக்கும் அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்பதை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. இரைச்சல் அந்தக் கணக்குப்படிதான் இறங்கும். மாறி மாறி வரும் அழுக்கு ஒன்றையொன்று தின்றுவிடும், மாறாத முகம் நிற்கும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்க்காத முறை என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். அந்த முகம் ஒன்பது முறை தன்னைத்தானே சொல்லிக்கொண்டு தெளிகிறது.

எந்த ஃபிரேம் என்பதற்கு வருகிறேன். அதுதான் இந்த வேலையின் மையம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ஒரு கல்யாணம். மேடையில் தாலி கட்டி முடிந்து அட்சதை போடும் இடம். லைட்பாய் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அது யார் மேல் திரும்புகிறதோ அவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள். இடதுபக்கத்திலிருந்து ஒரு கிழவி வருகிறார். நூல் புடவை, இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, முன்கையில் பச்சை. வலது அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். கை மேலே போகிறது, விரல்கள் மங்கல். மேலே போய் நின்று திரும்பும் இடத்தில் விரல்கள் கூராகின்றன. அட்சதை கையை விட்டுப் போகும்போது மறுபடி மங்கல். வீடியோ கேமராவில் ஷட்டர் பெரும்பாலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்; போட்டோ கேமராவுக்கு அது மெத்தனமான வேகம். ஆகவே அசைவின் நடுவில் தெளிவு கிடைக்காது. அசைவு திசை மாறும் முனையில்தான் கிடைக்கும். தலை திரும்பி முடியும் இடம், பேச்சு ஒரு சொல்லில் நின்று மூச்செடுக்கும் இடம், இமை முழுக்கத் திறந்த பின் வரும் இரண்டு மூன்று ஃபிரேம். மனித உடம்பு ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தாலும் இடையிடையே சின்னச் சின்ன நிறுத்தங்கள் போட்டுக்கொண்டே போகிறது என்பதை எடிட்டிங் மேசையில்தான் கண்டுகொண்டேன்.

அந்தக் கிழவியின் முகம் பளிச்சென்று தெரிந்த ஃபிரேம், விளக்கு நேராக விழுந்த கணம். மூக்குத்தியின் கல்கூடத் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியிடம் அதைக் காட்டினேன். "இது ஆயா மாதிரியே இல்லீங்க" என்றாள். நான் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன். விளக்கு விலகிப்போன பிறகு, பாதி இருட்டில், மேடைக்குக் கீழே ஓடிய ஏதோ ஒரு குழந்தையைப் பார்த்து வாயைத் திறக்கிறார். "நிறுத்துங்க, நிறுத்துங்க. இதான். எங்கள இப்பிடித்தான் கூப்புடும்." அந்த ஃபிரேமில் கன்னம் மங்கல். கண் ஓரளவுக்குத் தெளிவு. அளவுகோல் வைத்துப் பார்த்தால் முந்தையதுதான் நல்ல படம். நான் எடுத்துக் கொடுத்தது இரண்டாவதை. ஒன்பது ஃபிரேம் அடுக்க அங்கே வழியில்லை, அவர் அசைந்துகொண்டிருந்தார், மூன்றுதான் கிடைத்தது. இருக்கட்டும். இழப்பில்லாமல் எடுக்கத் தெரிந்திருப்பது எதற்காக என்றால், இப்படி ஒரு மங்கலான ஃபிரேமை வீட்டார் கைகாட்டும்போது அதிலிருக்கும் கொஞ்சநஞ்சமும் போய்விடாமல் இருப்பதற்காகத்தான்.

சினிமாக்காரர்கள் இந்தச் சிக்கலை அடியோடு தவிர்த்தார்கள். நாம் பழைய படத்தின் காட்சி என்று நினைவில் வைத்திருக்கும் படங்கள் அநேகமாக அந்தப் படச்சுருளில் இல்லாதவை. காட்சி எடுத்து முடித்ததும் நடிகர்களை அதே இடத்தில் நிறுத்தி, ஸ்டில் போட்டோகிராபர் தனியாக எடுத்தவை. 35 எம்எம் படச்சுருளின் ஒரு ஃபிரேம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ரோலிஃபிளெக்ஸ் போன்ற கேமராவின் நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம். சுவரொட்டிக்கும் பத்திரிகைக்கும் அதுதான் தாங்கும். பிலிம் நியூஸ் ஆனந்தன் அப்படிக் கேமராவோடு கிளம்பியவர்தான். 1958இல் நாடோடி மன்னன் படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்ததிலிருந்து தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று பெயர் பெற்றார். 2016இல் மறையும்வரை படங்களையும் தகவல்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய சேகரத்தைத் தமிழக அரசு வாங்கியது; 2004இல் அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு வெளியானது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் பிரதி ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை. நைட்ரேட் சுருள் நெருப்புக்கும் காலத்துக்கும் போனது. ஓடிய படம் அழிந்த இடத்தில் நின்ற படம் சாட்சி சொல்கிறது. ஆனால் அது நடிகர் தெரிந்து நின்ற படம். கேமரா இருப்பது தெரியாமலோ, தெரிந்தும் பொருட்படுத்தாமலோ குழந்தையைக் கூப்பிட்ட கிழவிக்கு ஸ்டில் போட்டோகிராபர் யாரும் இருந்ததில்லை. அவருக்கு இருப்பது நொடிக்கு 25 மட்டுமே.

இப்போதைய வீடியோவில் அந்த 25ம்கூடத் தனித்தனியாக நிற்பதில்லை. எச் டாட் 264 போன்ற முறைகளில் கேமரா எல்லா ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. பத்துப் பதினைந்துக்கு ஒன்றை முழுதாக எழுதும். இடையில் வருபவற்றில், முந்தையதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். சிலவற்றுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் வரப்போவதும் இரண்டும் தேவை. இரண்டையும் பார்த்துத்தான் அந்த ஃபிரேமையே கட்டியெழுப்பும். கூடுமானால் முழு ஃபிரேம் ஒன்றின் மேலேயே நிறுத்தி எடுப்பது நல்லது. ஆனால் எனக்கு இதில் தொழில்நுணுக்கத்தைவிடப் பெரிதாக ஒன்று படுகிறது. முன்பின் இல்லாமல் ஒரு கணம் தனியாக நிற்க முடியாது என்பதை இந்த எந்திரம் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. மனிதர்கள்தான் மறந்துபோகிறோம்.

இரும்பையில் வழங்கும் ஒரு பழங்கதை இதைச் சொல்கிறது. மாகாளேஸ்வரர் கோயில், அம்மன் பெயர் குயில்மொழியம்மை, சம்பந்தர் பாடிய தலம். உஜ்ஜயினி, திருவாரூர்ப் பக்கத்து அம்பர் மாகாளம், இரும்பை மாகாளம் என்று மூன்று மாகாளங்களைச் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே அரசமரத்தடியில் கடுவெளிச் சித்தர் தவமிருந்தார். அவர் தவத்தின் உக்கிரத்தில் மழை பொய்த்தது என்று நினைத்த அரசன், தவத்தைக் கலைக்கக் கோயிலில் ஆடும் பெண்ணை அனுப்பினான். உதிரும் இலையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தவர் கையில் அவள் அப்பளத்தை வைத்தாள். மெல்ல மெல்லச் சித்தர் கண் திறந்தார், மழையும் வந்தது. ஊர் கூடி விழா எடுத்தது. சந்நிதியில் அவள் ஆடிக்கொண்டிருந்தபோது காலில் இருந்த சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைபடக் கூடாதென்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். துறவி ஒருவர் ஆடும் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! அவர் வெகுண்டு பாடினார். கருவறையில் லிங்கம் மூன்றாக வெடித்தது.

அந்தக் கூட்டம் கண்டது ஒரே ஒரு ஃபிரேம். சிலம்பு கழன்றது அதற்கு முந்தைய ஃபிரேம்களில் இருக்கிறது, ஆட்டம் நிற்காமல் தொடர்ந்தது பிந்தியவற்றில் இருக்கிறது. நடுவிலிருந்து உருவி எடுத்த கணத்தில் பொய் ஒன்றும் இல்லை. சித்தர் காலைப் பிடித்தது உண்மை. அந்த உண்மையை வைத்தே ஊர் அவரை அவமதித்தது. இன்றைக்கு ஒரு பேச்சின் நடுவில் வாய் கோணிய கணத்தை நிறுத்தி எடுத்து மீம் போடுகிறவர்களும், அரசியல் மேடையில் இருவர் கை உரசிய ஒரு ஃபிரேமை எடுத்துக் கதை கட்டுகிறவர்களும் செய்வது அதையேதான். எவருடைய வீடியோவிலும் அவரை முட்டாளாகக் காட்டும் ஃபிரேம் ஒன்று கட்டாயம் இருக்கும். தேடுகிறவர் கையில் அது கிடைத்தே தீரும்.

வரிசை மாறினாலும் உண்மை புரளும். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் ஜாப்ருடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் 8 எம்எம் கேமராவில் எடுத்தார். 486 ஃபிரேம், ஏறத்தாழ 26 நொடி. வாரன் ஆணையம் 1964இல் வெளியிட்ட சான்றுத் தொகுப்பில் அவற்றை நிழற்படங்களாக அச்சிட்டபோது 314ம் 315ம் இடம் மாறின. குண்டு பட்ட பின் தலை அசைந்த திசையே அதனால் வேறாகத் தெரிந்தது. அச்சுப் பிழை என்று 1965இல் எஃப்பிஐ இயக்குநர் ஹூவர் ஒப்புக்கொண்டார். சந்தேகம் அதற்குள் ஊன்றிவிட்டது.

நம் இனத்துக்கு நெருங்கிய சான்றும் உண்டு. இலங்கைப் போரில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படுவதைக் காட்டி 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய வீடியோவிலிருந்து எடுத்த படங்களைப் பார்க்காத தமிழர் குறைவு. கண் கட்டி, கை கட்டி, ஆடையின்றிச் சேற்றில் உட்காரவைக்கப்பட்டவர்கள். இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் உடற்கூறு, வீடியோ, துப்பாக்கி ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்து ஆராயச் செய்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்த ஆய்வு அது. மங்கலும் கட்டம் கட்டமான சிதைவும் நிறைந்த வீடியோதான். அந்த மங்கலை எவராவது நல்லெண்ணத்தில் துடைத்து, முகங்களைத் தெளிவாக்கித் தந்திருந்தால் சாட்சியம் அங்கேயே செத்திருக்கும். அந்தப் படத்தின் கரடுமுரடில் கை வைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

இந்த நினைப்போடுதான் எங்கள் கடை வாசலுக்கு இப்போது வந்திருக்கும் பெரிய ஆசையைப் பார்க்கிறேன். கால் அங்குல முகத்தை ஏஐயில் போட்டால் ஒரு நிமிடத்தில் 12க்கு 18 ஆகிவிடுகிறது. தோலில் துளை தெரியும், இமை முடி தெரியும். வீட்டார் முதலில் வாயைப் பிளக்கிறார்கள். பிறகு சத்தம் குறைகிறது. இரண்டு மூக்கிலும் இருந்த மூக்குத்தியில் ஒன்று காணாமல் போயிருக்கும். நெற்றியில் பச்சை குத்திய புள்ளியை அது அழுக்கென்று நினைத்துத் துடைத்திருக்கும். கறுத்த முகம் இரண்டு மூன்று படி வெளுத்திருக்கும். பல்லில்லாத வாயில் பல் வைத்திருக்கும். அந்த மென்பொருள் எங்கள் ஆயாவைப் பார்த்ததில்லை; தான் பார்த்த லட்சக்கணக்கான முகங்களின் சராசரியை அவர் மேல் பூசுகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட பல்ஸ் என்னும் கருவியில் ஒபாமாவின் புள்ளி புள்ளியான சின்னப் படம் ஒன்றை ஒருவர் போட்டுப் பார்த்தார். வெளியே வந்தது வெள்ளைக்காரர் ஒருவரின் முகம். உலகறிந்த முகத்துக்கே அந்தக் கதி. ஒரே ஒரு வீடியோவில் மட்டும் மிஞ்சியிருக்கும் கிழவியின் முகத்துக்கு, தவறென்று சொல்ல அவளை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. பேரன்களின் பிள்ளைகளுக்குச் சுவரில் இருப்பதுதான் ஆயா.

இரும்பைக் கதையின் கடைசிப் பகுதி எனக்கு இங்கே துணையாக இருக்கிறது. அரசன் மன்னிப்புக் கேட்டான். சித்தர் சினம் தணிந்து மறுபடி பாடினார். மூன்று துண்டும் சேர்ந்தன. அந்த லிங்கம் செப்புத் தகடு போர்த்தி இணைத்த நிலையில் இன்றும் பூசை காண்கிறது. வெடித்தது வெடித்ததுதான் என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழுதில்லாத புது லிங்கம் ஒன்றைச் செதுக்கி வைக்கவில்லை. கட்டியதும் தெரிகிறது, கும்பிடவும் முடிகிறது. உடைந்த படத்தையும் அப்படி வைத்துக்கொள்ள முடியும் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன். 12க்கு 18 வேண்டாம், 5க்கு 7 போடுங்கள். அகலமான வெள்ளை ஓரம் விட்டுச் சட்டம் போட்டால் சுவரில் கம்பீரமாகவே இருக்கும். பதாகைக்குக் கவலையே இல்லை. ஃபிளக்ஸ் எட்டிநின்று பார்க்கும் பொருள், குறைந்த புள்ளியே போதும். நிறம் மங்கியிருந்தால் சரிசெய்கிறேன், இரைச்சலைக் குறைக்கிறேன், ஒடுங்கியதை விரிக்கிறேன். பதிவில் இல்லாத கண்ணையும் பல்லையும் நான் வைப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும், இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

ஏஐயைவிட அவசரமான ஆபத்து வேறொன்று. கேசட்டுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் பக்கம் கடற்காற்று. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பரண்மேல் இருந்தவை தப்பின. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தவை ஊறிப்போயின. நனைந்த கேசட்டைப் பதறிப்போய்ப் பிளேயரில் போட்டுவிடக் கூடாது. நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். உலர்த்திய பிறகு ஓட்ட எந்திரம் வேண்டுமே? விசிஆர் தயாரித்த கடைசிப் பெரிய நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. மினி டிவியை இறக்கத் தேவையான ஃபயர்வயர் துளை புதிய கம்ப்யூட்டர்களில் இல்லை. பழைய டெக் ஒன்றைக் கண்போலக் காத்துக்கொண்டு, அதன் ரப்பர் பட்டைக்காகச் சென்னை ரிச்சி தெருவில் அலைகிற நிலை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறது. பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடியெடுத்துப் பாதுகாக்கும் பணியும் அங்கிருந்து நடந்தது. நூறாண்டுக் கால ஸ்டுடியோ முகங்கள் அதனால் தப்பின. மிகப் பெரிய காரியம். ஆனால் ஸ்டுடியோவுக்குப் போக வசதியும் பழக்கமும் இருந்தவர்கள்தான் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் விஎச்எஸ் கேமரா ஊருக்குள் வந்தபோதுதான், கூப்பிடாமலேயே எல்லோரும் படத்துக்குள் வந்தார்கள். பந்தியில் இலை எடுத்தவர், மேளம் அடித்தவர், மொய் எழுதியவர், கோலம் போட்டவள், மண்டபத்து வாசலில் செருப்புக்குக் காவலிருந்த சிறுவன். ஒரு வட்டாரத்தின் சாதாரண ஜனங்கள் ஓடி, பேசி, தின்று, சிரித்து, சண்டை போட்ட முதல் பதிவு இந்தக் கல்யாணக் கேசட்டுகளில்தான் இருக்கிறது. ஒரு கல்லூரியோ நூலகமோ வானூர் வட்டத்தில் மட்டும் ஒரு டெக்கும் ஒரு ஆளும் போட்டு அவற்றை முழுதாக இறக்கிவைக்கத் தொடங்கினால்கூடப் போதும். கடைக்காரர்களால் முடியாது. எங்களிடம் இருந்த மாஸ்டர் கேசட்டுகளின் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிந்து பதிந்துதான் இந்தத் தொழில் நடந்தது.

அதுவரைக்கும் என்னால் ஆவது சின்னது. படம் கேட்டு வருகிறவர்களுக்கு அச்சோடு டிஃப் கோப்பையும் கொடுக்கிறேன். கூடவே அந்த ஃபிரேமுக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நொடியை வெட்டாமல் நசுக்காமல் ஒரு துண்டாகப் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன். அச்சின் பின்பக்கத்தில் யாருடைய கல்யாணம், எந்த ஆண்டு, கேசட்டில் எத்தனையாவது நிமிடம் என்று பென்சிலில் எழுதுகிறேன். எத்தனை ஃபிரேம் அடுக்கினேன், நிறத்தில் எவ்வளவு கை வைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். இதற்குத் தனிக் காசு கிடையாது. "போட்டோதானே கேட்டோம், வீடியோ எதுக்குண்ணா?" என்பார்கள். வைத்திருங்கள் என்பேன். குழந்தையைக் கூப்பிடும் கணத்தைத் தேர்ந்தெடுத்தவள் அந்தப் பேத்தி. அவளைக் கூப்பிட்ட குரல் அவள் காதில் இருந்தது. அவளுடைய பிள்ளைக்கு அந்தக் குரல் தெரியாது. அவனுக்கு அந்த 250இல் வேறொரு ஃபிரேம் தேவைப்படலாம்.